நெல் தண்டுக்குள் ஒரு நீலப்பச்சை வளையம்

மார்கழிக் கடைசி மழையில் மச்சானின் வயலில் ஒரு மூலை படுத்துவிட்டது. இரணைமடுக் குளத்துக்குக் கீழே, கதிர் இன்னும் வெளிவராமல் குடலையில் நின்ற காலபோக நெல். வரம்புக்கு அந்தப் பக்கம் அதே இனம் நிமிர்ந்து நின்றது. செலுலோசு நார்களுக்கிடையே நிரம்பிக் கலச்சுவரை விறைப்பாக்குவது இலிக்னின். விழுந்த பயிரில் அது குறைவோ என்று பார்க்க ஆசைப்பட்டு இரண்டு பக்கத்திலும் தண்டு முறித்து வந்தேன்.

வெட்டுவதுதான் பெரும்பாடு. நெல் தண்டு உள்ளே பொள்ளல், பிளேட் பட்டதும் நசுங்கும். மேல்தோலில் சிலிக்கா இருப்பதால் விளிம்பும் கெதியாக மழுங்கும். முதல் நாள் முப்பது வெட்டில் ஒன்றும் தேறவில்லை. பிறகு மரவள்ளித் தடியின் நடுவில் இருக்கும் வெள்ளை மென்பகுதியை எடுத்து, நெடுக்காகப் பிளந்து, தண்டை அதற்குள் இறுக்கிப் பிடித்தேன். இரண்டையும் நனைத்து, பிளேட்டை அழுத்தாமல் ஒரே இழுவையில் இழுக்க வேண்டும். ஐந்தாறு வெட்டுக்கு ஒருமுறை புது விளிம்பு. சீவல்களைக் கோப்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருப்பதைத் தூரிகையால் எடுத்தேன்.

சாயம் 0.05 வீதத் தொலுயிடின் நீலம், இலிக்னின் ஏறிய சுவரை நீலப்பச்சையாக்கும். முதலில் ஐந்து நிமிடம் வைத்தேன், எல்லாம் மை கொட்டியது போலாகிவிட்டது. ஒரு நிமிடமே போதும், பிறகு மூன்று தண்ணீரில் அலச வேண்டும்.

நிமிர்ந்து நின்ற தண்டை நுணுக்குக்காட்டியில் 100 மடங்கில் பார்த்தபோது நெடுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை. மேல்தோலுக்குச் சற்று உள்ளே, தண்டைத் தாங்கும் தடித்த சுவருள்ள வல்லருகுக்கலங்கள் தெளிந்த நீலப்பச்சையில் ஒரு முழு வளையம். கலன்கட்டுகளில் தண்ணீர் ஏற்றும் பெரிய காழ்க்கலன்கள் இரண்டும் அதே நிறம். இலிக்னின் ஏறாத மெல்லிய சுவர்கள் கத்தரிப்பூ ஊதா. விழுந்த தண்டில் வளையமே இல்லை, காழ்க்கலன்கள் மட்டும் நீலம். காரணம் பிடிபட்டுவிட்டது என்று அன்றிரவு மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

“இரண்டையும் ஒரே இடத்திலயோ வெட்டினனீ?” என்று கேட்டார்.

இல்லை. நின்றதைக் கணுவிடையின் மேல்முனையிலும், விழுந்ததைக் கணுவுக்கு ஒட்ட மேலேயும் வெட்டியிருந்தேன். அடுத்த நாள் நிமிர்ந்து நின்ற ஒரே தண்டின் ஒரே கணுவிடையில் இரு முனையையும் வெட்டினேன். மேலே முழு வளையம், கீழே ஊதா. புல்லின் தண்டு வளர்வது கணுவுக்கு மேலுள்ள பிரியிழையத்திலிருந்து, அதாவது கலங்கள் பிரிந்து பெருகும் பகுதியிலிருந்து. ஆகவே நீண்டு முடிந்த மேல்பகுதி முதலில் இறுகும், அடிப்பகுதி வளர்ச்சி முடியும்வரை இளசாகவே கிடக்கும். புல்லுக் கதிரை உருவினால் வெளிறிய மெத்தென்ற அடி வருமே, அது இதுதான். நான் அளந்தது விழுந்ததையும் நின்றதையும் அல்ல, முற்றலையும் இளசையும்.

இந்தச் சாயம் இலிக்னின் எங்கே இருக்கிறது என்று காட்டும், எவ்வளவு என்று சொல்லாது. புளோரோகுளூசினோலும் அடர் ஐதரோக்குளோரிக் அமிலமும் இட்டால் இலிக்னின் சிவக்கும், ஆனால் நிறம் நிலைக்காது, அமிலப் புகை வில்லையை அரிக்கும். அதனால் அதை முற்றத்தில் வைத்துத்தான் செய்யப்போகிறேன்.

அறுவடைக்கு முன் இரண்டு பக்கத்திலும் பத்துப் பத்துத் தண்டு எடுக்க மச்சானிடம் கேட்டிருக்கிறேன். அடியிலிருந்து மூன்றாம் கணுவிடை, சரி நடுவில் வெட்டு. நூல் கட்டி அடையாளம் வைத்தாயிற்று.