சுவாமி புறப்பாட்டுக்கு ஒரு பழைய 180

காவிரிப் படுகையில் படம் எடுக்கத் தக்கவை பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகே நடக்கின்றன. மன்னார்குடிப் பங்குனி விழாவின் இரவு வாகனங்களானாலும், சிற்றூர்களில் நடக்கும் சுவாமி புறப்பாடானாலும், ஜெனரேட்டரில் எரியும் விளக்குகளைத் தவிர வேறு ஒளி கிடையாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருகில் போக முடியாது. ஃபிளாஷ் அடிப்பது நாதசுரம், தவில் வாசிப்பவர்களுக்கு இடைஞ்சல் என்பதோடு, அந்த ஒளியின் அழகையும் கெடுத்துவிடும். தூரத்தில் நின்று குறைந்த ஒளியில் ஒரு முகத்தை எடுக்க வேண்டுமென்றால், அகன்ற அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) கொண்ட, தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் டெலி லென்ஸ் வேண்டும். இன்றைய முன்னணி நிறுவனங்களின் 70-200 எஃப்/2.8 லென்ஸ் எளிதில் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிவிடும் என்பதால், அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைத்த, நிக்கானின் பழைய நிக்கோர் 180 மி.மீ. எஃப்/2.8 இ.டி. லென்ஸை வாங்கினேன்.

பழைய லென்ஸ் என்றதும் பலர் அதன் 'குணம்', 'கனவு போன்ற மென்மை' என்று பேசத் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடில்லை. இந்த வகை லென்ஸ்களின் உண்மையான கவர்ச்சி, அவை செய்யப்பட்ட காலத்தின் கேமராவும் ஃபிலிமும் அவற்றின் திறனை முழுதாக வெளிக்கொணரவில்லை என்பதில்தான் இருக்கிறது. 180 மி.மீ. எஃப்/2.8 என்ற அளவே புதிதன்று. 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி ஸைஸ் நிறுவனம் செய்த லென்ஸுக்கு 'ஒலிம்பியா சோனார்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. நிக்கான் தன் 180-இல் நிறப்பிரிகையைக் குறைக்கும் இ.டி. கண்ணாடியை 1981-இல் சேர்த்தது. ஐந்தே கண்ணாடிகள், அப்பர்ச்சருக்கு ஒன்பது இதழ்கள், ஏறக்குறைய 800 கிராம் எடை; அவ்வளவுதான் அந்த லென்ஸ்.

கணக்கு போட்டுப் பார்த்தால் இது விளங்கும். புறப்பாட்டின் வெளிச்சத்தில் எஃப்/2.8 வைத்து, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 400 ஃபிலிமில் ஷட்டர் வேகம் நொடியில் 30-இல் ஒரு பங்கு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கையில் பிடித்த 180 மி.மீ. லென்ஸுக்கு அது போதவே போதாது. இன்றைய சென்சாரில் ஐ.எஸ்.ஓ. 3200 என்பது சாதாரணம்; அதே ஒளியில் அது 250-இல் ஒரு பங்கைத் தருகிறது. அந்த வேகத்தில் கை நடுக்கமும் தெரிவதில்லை, நாதசுரக்காரரின் தலையசைவும் உறைந்து நிற்கிறது. தவில்காரரின் வலக்கை விரல்களில் மாட்டிய கூடுகள் மட்டும் அப்போதும் லேசாகக் கலங்கித் தெரியும். அது எனக்குப் பிடித்தே இருக்கிறது.

ஃபோகஸ் செய்வதிலும் இப்படித்தான். ஐந்து மீட்டர் தூரத்தில், முழு ஃபிரேம் (ஃபிலிம் அளவுச் சென்சார் கொண்ட) கேமராவில், இந்த லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 13 செ.மீ. மட்டுமே. பாரி நாதசுரத்தின் நீளமோ இரண்டரை அடிக்கும் மேல். வாசிப்பவர் நம்மை நோக்கி நின்றால் கண் தெளிவாக இருக்கும்போது, குழலின் அடிமுனையில் விரியும் அணசு கரைந்துபோகும். அணசு தெளிவானால் முகம் போய்விடும். பழைய கேமராவின் சொரசொரப்பான கண்ணாடித் திரையில், அரை இருட்டில், இந்த 13 செ.மீ.யைக் கண்ணால் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் வேலை. காட்சியை மின்திரையில் காட்டும் இன்றைய மிரர்லெஸ் கேமராவின் வியூஃபைண்டரோ இருட்டைக் கூட்டிக் காட்டுகிறது. வாசிப்பவரின் இமையைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருப்பலாம். ஃபோகஸ் வளையம் நீண்ட தூரம் சுழல்வது பறவையைத் துரத்தும்போது இடைஞ்சலாக இருந்தாலும், இந்த நுணுக்கமான வேலைக்கு அதுவே வசதியாகிறது.

பழைய லென்ஸை இன்றைய கேமராவில் மாட்ட முடிவதற்குக் காரணம் வெறும் இடைவெளிக் கணக்கு. நிக்கான் கேமராவில் லென்ஸ் மாட்டும் அமைப்பான எஃப் மவுன்ட்டில் லென்ஸின் அடித்தட்டுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம் 46.5 மி.மீ.; சோனி இ மவுன்ட்டில் அது 18 மி.மீ. மீதமுள்ள 28.5 மி.மீ.யை நிரப்பக் கண்ணாடியே இல்லாத ஓர் உலோகக் குழாய் போதும். கேனனின் பழைய எஃப்.டி. லென்ஸ்களுக்கு இது மறுபிறவி. 1987-இல் கேனன் இ.எஃப். மவுன்ட்டுக்கு மாறியபோது அவை அநாதையாயின. அவற்றின் தூரம் 42 மி.மீ., புதிய மவுன்ட்டின் தூரம் 44 மி.மீ. என்பதால், இடையில் ஒரு கண்ணாடி வைக்காமல் தொலைதூர ஃபோகஸ் கிடைக்காது. அந்தக் கண்ணாடி படத்தைக் கெடுத்தது. 2008-இல் பானசோனிக் ஜி1 வந்து மிரர்லெஸ் காலம் தொடங்கிய பிறகுதான் அலமாரிகளில் கிடந்த எஃப்.டி. 200 மி.மீ. எஃப்/2.8 போன்றவை வெளியே வந்தன.

குறைகளும் உண்டு. வெள்ளிக் கவசத்தில் எல்.இ.டி. விளக்கு பட்டுத் தெறிக்கும் இடங்களில், ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையுமாக ஓரங்கள் தெரியும். இ.டி. கண்ணாடி அதைக் குறைக்கிறதே தவிர ஒழிப்பதில்லை. எஃப்/4 வைத்தால் பெருமளவு அடங்கும். வடுவூர் ஏரியில் எழும்பிப் பறக்கும் வாத்துகளுக்கு இந்த லென்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீளமும் போதாது; பறவையைத் தானே பின்தொடரும் இன்றைய ஆட்டோஃபோகஸுக்குக் கை ஈடுகொடுக்காது. உதயமார்த்தாண்டபுரம் பறவைச் சரணாலயத்தில் கூட்டில் அமர்ந்திருக்கும் நத்தை குத்தி நாரையை வேண்டுமானால் நிதானமாக எடுக்கலாம்.

நம் ஊருக்கே உரிய தொல்லை பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள்ளேயே சுவர் ஈரம் காயாது. பீரோவில் துணியோடு வைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் படர்ந்துவிடும். தொடக்கத்திலேயே கவனித்தால் துடைத்தெடுக்கலாம்; விட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும். வாங்கும்போதே அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு முனையிலிருந்து செல்ஃபோன் டார்ச்சை அடித்து மறுமுனையில் பார்த்தால் பூஞ்சையும் மங்கலும் தெரிந்துவிடும். இதழ்களில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

முதன்முதலாக வாங்குபவர் 180-இல் தொடங்க வேண்டியதில்லை. 135 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ்கள் அக்காலத்தில் பல நிறுவனங்களும் செய்தவை. எடை குறைவு, விலையும் குறைவு. ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சாரில் அவையே ஏறக்குறைய 200 மி.மீ. பார்வையைத் தரும். கேமராவில் நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருந்தால், பழைய லென்ஸ் தன் குவியத்தூரத்தைக் (மி.மீ. எண்) கேமராவுக்குச் சொல்லாது என்பதால், மெனுவில் 135 என்று நாமே குறித்துவிட வேண்டும். சென்சாருக்காகப் பெருக்கிய 200 என்ற எண்ணை அங்கே இடக்கூடாது.