பெற்றோருக்காக வீட்டோடு ஒரு பகுதி: அனுமதி பெற்ற அனுபவம்

தோட்டத்தில் வேலை முடிந்தால் வீடும் கையைவிட்டுப் போய்விடும். லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து என்பதால், முப்பது நாற்பது ஆண்டுகள் அதில் வாழ்ந்தவர்களும் ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். என் பெற்றோர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் முதலில் பால்மரம் வெட்டியும், இரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை வந்த பிறகு அதிலும் உழைத்தும் ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் எங்களோடு வந்து இருப்பது என்று முடிவானபோது, தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதியில் உள்ள எங்கள் ஒற்றைமாடி மூலை வீட்டின் பக்கவாட்டு நிலத்தில், அவர்களுக்கென்று படுக்கையறை, குளியலறை, சிறு கூடம் ஆகியவை கொண்ட ஒரு பகுதியைக் கட்டத் தீர்மானித்தோம். அதற்கு முறைப்படி அனுமதி பெற்ற விதத்தை, இதே எண்ணத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பலர் இந்த வேலையை அனுமதியின்றியே செய்துவிடுகிறார்கள். லயத்தில் பிள்ளைகள் பெருகப் பெருகப் பின்புறம் பலகையும் தகரமும் கொண்டு இறக்கிக் கட்டிக்கொள்வது வழக்கமாக இருந்தது; மானேஜர் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவே அனுமதி. அந்தப் பழக்கம் தாமானுக்கும் வந்துவிட்டது. நாங்கள் முதலில் விசாரித்த காண்ட்ராக்டரும் "முதலில் கட்டிவிடுவோம், கடிதம் வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றே சொன்னார். ஆனால் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, ஊராட்சி மன்றம் வரைபடத்தை அங்கீகரிப்பதற்கு முன் கட்டத் தொடங்குவதையே தடுக்கிறது. வரைபடம் இல்லாமல் எழுந்த சுவரை இடிக்கச் சொல்லும் அதிகாரமும் மன்றத்துக்கு உண்டு. எழுபது வயதைத் தாண்டியவர்களை அப்படியொரு கூரையின் கீழ்க் குடியமர்த்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை அல்ல, கிராண்ட் எனப்படும் நிலப் பட்டாவைத்தான். மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. தேசிய நிலச் சட்டத்தின்படி ஒவ்வொரு பட்டாவிலும் அந்த நிலம் விவசாயம், கட்டடம், தொழில் ஆகியவற்றுள் எந்த வகையைச் சேர்ந்தது என்பது குறிக்கப்படுவதோடு, ‘ஷாரத் ஞாத்தா’ என்ற தலைப்பின் கீழ் அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையும் எழுதப்பட்டிருக்கும். எங்கள் அசல் பட்டா வீட்டுக் கடனுக்காக வங்கியிடம் இருந்ததால், மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி அதிகாரபூர்வத் தேடல் சான்றிதழை எடுத்தோம். வகை கட்டடம்; நிபந்தனை ஒரே ஒரு குடியிருப்பு வீடு. பிறகு நடந்த அத்தனைக்கும் அடிப்படையாக இருந்தது அந்த ஒரு வரிதான். கம்பத்தில், அதாவது கிராமத்தில், விவசாய நிலத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு: உரிமையாளரோ சட்டப்படி அங்கே இருப்பவரோ வசிக்க வீடு கட்டிக்கொள்ளச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இடமளிக்கிறது என்றாலும், அத்தகைய கட்டடங்கள் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கையோ 2 ஹெக்டரையோ, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது.

மன்றத்து அதிகாரி எங்கள் முதல் வரைபடத்தைப் பார்த்ததும் கேட்ட கேள்வி, சுவரைப் பற்றியோ கூரையைப் பற்றியோ அல்ல, அடுப்பைப் பற்றியது. தனி வாசல், தனிச் சமையலறை, உள்ளே இணைப்புக் கதவு இல்லாத அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது இரண்டாவது வீடு என்றும், ஒரு குடியிருப்பு என்ற நிபந்தனையுள்ள நிலத்தில் அதை அங்கீகரிக்க முடியாது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். இரண்டாவது வீடுதான் வேண்டும் என்றால் 124ஆம் பிரிவின் கீழ் நிபந்தனையை மாற்றக் கோரி மாநில அரசுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது அங்கீகரிக்கப்பட்டால் அரசுக்குப் பிரீமியம் என்ற கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். வயதான பெற்றோரை வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பத்துக்கு அது மிகப் பெரிய சுமை. ஆகவே ஏற்கெனவே இருக்கும் வீட்டின் கூடுதல் பகுதி என்ற வகையிலேயே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தோம்.

அம்மாவுக்கு இதில் வருத்தம். திருமணமான நாளிலிருந்து அவருக்கென்று ஓர் அடுப்பு இருந்திருக்கிறது. மருமகளின் சமையலறையில் விருந்தாளியைப் போல நிற்க அவர் விரும்பவில்லை. அதை நான் நியாயம் என்றே கருதினேன். எங்கள் வரைவாளர் நல்ல வழியொன்றைக் காட்டினார். இங்குள்ள வீடுகளில் பின்பக்கம் வெளிச் சமையலறை ஒன்று இருப்பது சாதாரணம் என்பதால், அதை இரு பகுதிகளுக்கும் நடுவில் வரும்படி இடம் மாற்றி, பெற்றோரின் கூடத்திலிருந்தும் எங்கள் கூடத்திலிருந்தும் அங்கே நுழையக் கதவுகள் வைத்தார். காகிதத்திலும் உண்மையிலும் அது ஒரே வீட்டின் சமையலறைதான். காலையில் அங்கே முதலில் அடுப்பு மூட்டுபவர் அம்மா. இந்தப் பகுதியைப் பின்னாளில் தனி வீடாக வாடகைக்கு விட முடியாது என்பதையும் நாங்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்டோம். பெற்றோருக்கான சிறு இல்லத்துக்கு மாநில அரசுகள் தனி வகையொன்றை ஏற்படுத்தினால், லயத்தை விட்டு வெளியேறும் எத்தனையோ முதியவர்களுக்கு அது பேருதவியாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

வரைபடத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக் கொடுத்துவிட முடியாது. கட்டடக் கலைஞர், பொறியியலாளர், அல்லது மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்ற வரைவாளர் ஒருவர் பொறுப்பேற்றுச் சமர்ப்பிக்க வேண்டும். எங்களுடையதைப் போன்ற சிறிய வேலைக்குப் பதிவு பெற்ற வரைவாளரே போதுமானவராக இருந்தார். தூண், உத்திரம் தொடர்பான கணக்குகளுக்கு மட்டும் பொறியியலாளரின் கையொப்பம் தேவைப்பட்டது. வரைவாளர் பின்பற்றியது 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகள். அவற்றின்படி ஒரு குடியிருப்பின் முதல் வசிப்பறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3 சதுர மீட்டருக்கும், மற்றவை 6.5 சதுர மீட்டருக்கும் குறையக்கூடாது. வசிப்பறையின் உயரம் 2.5 மீட்டராவது இருக்க வேண்டும். தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத சன்னலும், அதில் பாதியளவுக்காவது காற்று தடையின்றி வர வழியும் வேண்டும். எங்களுடையது கூடுதல் பகுதி என்பதால் பெற்றோரின் அறைக்கு 6.5 சதுர மீட்டரே சட்டப்படி போதும். ஆனால் கட்டிலுக்கு அருகே சக்கர நாற்காலி திரும்ப இடம் வேண்டுமே என்று எண்ணி, 11 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்று நான் கேட்டுக்கொண்டேன். கழிவறையோடு கூடிய குளியலறைக்கு விதி கேட்பது 2 சதுர மீட்டர். அதையும் ஏறத்தாழ இரட்டிப்பாக்கி, கைப்பிடிக் கம்பி பொருத்தச் சுவரை உறுதியாக எழுப்பினோம்.

நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்த கேள்வி கழிவுத் தொட்டியைப் பற்றியது. எங்கள் தாமான் பொதுக் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கப்படாத பழைய தாமான். வீட்டுக்கு வீடு தொட்டிதான். ஒரு வீட்டுக்கு ஐந்து பேர், ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்ற கணக்கில்தான் இத்தகைய தொட்டிகள் திட்டமிடப்படுகின்றன. நாங்களோ பெற்றோரையும் சேர்த்தால் ஏழு பேர். தொட்டியைத் தூர்வாரி அளந்து பார்த்தபின் வரைவாளரின் ஆலோசனைப்படி பெரிய தொட்டியாக மாற்றினோம். செலவுப் பட்டியலில் இதற்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குவது நல்லது, ஏனெனில் தரைக்குக் கீழே இருப்பதைப் பற்றிக் காண்ட்ராக்டர்கள் தாமாக முன்வந்து பேசுவதில்லை.

வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதத்தையும் பக்கத்து வீட்டாரின் ஒப்புதல் கடிதத்தையும் இணைத்தோம். ஒப்புதல் தந்த பாக்சிக்கிடம் (பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவரிடம்) வரைபடத்தை விரித்து, மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்பதைக் காட்டியபோது, அவர் கேட்ட ஒரே மாற்றம் கூரைத் தண்ணீர் அவர் வேலிப் பக்கம் விழக்கூடாது என்பதுதான். அதற்கேற்பப் பீலியின் சரிவை மாற்றினோம். பிறகு எல்லாம் விண்ணப்பங்களை ஒரே இடத்தில் பெறும் மன்றத்தின் ஓ.எஸ்.சி. பிரிவுக்குச் சென்றன. அங்கிருந்து கேட்கப்பட்ட திருத்தங்கள் சிறியவை.

அங்கீகாரம் கிடைத்ததும் வேலையைத் தொடங்குவதாக ‘போராங் பி’ அறிவிப்பைக் கொடுத்து, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யில் பதிவு பெற்ற காண்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படைத்தோம். 2007ஆம் ஆண்டு முதல், கட்டடம் குடியேறத் தகுதியானது என்ற சான்றிதழை மன்றம் வழங்குவதில்லை. வரைபடத்துக்குப் பொறுப்பேற்றவரே சி.சி.சி. எனப்படும் அந்தச் சான்றிதழில் கையெழுத்திடுகிறார். அதற்கு முன் அடித்தளம், மின்கம்பி, குழாய் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘ஜி’ வரிசைப் படிவங்களில் அந்தந்த வேலையைச் செய்தவர் உறுதிமொழி தர வேண்டும். இந்தப் படிவங்களை வேலை நடக்கும்போதே வாங்கிவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். கூலி முழுவதும் கைமாறிய பிறகு குழாய்க்காரரைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல.

சி.சி.சி. கைக்கு வந்த பின்னரே பெற்றோரைக் குடியமர்த்தினோம். வீட்டின் மதிப்பு கூடியதால், பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்ட் இறுதிக்குள்ளும் கட்டும் வீட்டு வரியும் மறுமதிப்பீட்டில் உயர்ந்தது. கூடுதல் பகுதிக்குத் தனி எண் கிடையாது. கடிதங்கள் பழைய எண்ணுக்கே வருகின்றன. முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் மைகார்டு எனும் அடையாள அட்டையில் பதிய வேண்டும் என்பதால் இருவரையும் தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துச் சென்றேன். அப்பாவின் மாதாந்திர மருந்துக்கான பதிவையும் தோட்டத்துக்கு அருகிலிருந்த கிளினிக்கிலிருந்து நகரத்து அரசாங்கக் கிளினிக்குக்கு மாற்றிக்கொண்டோம்.