மோரின் இரண்டு சுவரொட்டிகள்

அச்சுக்குப் போகும் முன் படங்களைச் சீர்செய்வது என் வேலை. சென்னையில் இந்தத் தொழிலில் நிறைய பேர் இருக்கிறோம். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் ஸ்கேன்களை அனுப்பும். கறை நீக்கி, நிறம் திருத்தி, ப்ரூஃப் பார்த்துத் திருப்பி அனுப்புவோம். பெரும்பாலும் பாடநூல்களும் மருத்துவ நூல்களும்தான் வரும். ஒருமுறை, புரட்சிக்குப் பிந்தைய முதல் ஆண்டுகளில் சோவியத் ரஷ்யாவில் ஒட்டப்பட்ட சுவரொட்டிகளின் தொகுப்பு ஒன்று என் கைக்கு வந்தது. இன்றுவரை நான் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

முதல் சிக்கல் சிவப்பு. ஒரே சுவரொட்டியின் இரண்டு பிரதிகளில் ஒன்று செங்கல் நிறத்தில் இருக்கும், இன்னொன்று ரத்தம் போல இருக்கும். எது சரி? உள்நாட்டுப் போர்க்காலம், காகிதமும் மையும் கிடைத்தால்தான் உண்டு. கல்லில் வரைந்து தாளில் பதிக்கும் கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக அச்சேற்ற வேண்டும், அதனால் நிறம் கூடினால் வேலையும் கூடும். அந்தக் கால ஓவியர் திமித்ரி மோர் பல சுவரொட்டிகளைக் கறுப்பு, சிவப்பு என இரண்டே நிறங்களில் முடித்துவிட்டார். அவற்றைப் பார்க்கும்போது மூன்றாவது நிறம் எதற்கு என்று தோன்றும். பல சுவரொட்டிகளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: இதைக் கிழிப்பவரும் இதன்மேல் வேறொன்றை ஒட்டுபவரும் எதிர்ப்புரட்சிச் செயல் செய்கிறார்கள். அந்த வரியை ஒவ்வொரு முறையும் கூர்மையாகத் தெரியும்படி விட்டுவைத்தேன். அதுவும் அந்தக் காலத்தின் குரல்தானே.

சோவியத் அரசின் ரோஸ்தா செய்தி நிறுவனத்தின் ஜன்னல் சுவரொட்டிகள் வேறு வகை. 1919 இலையுதிர்காலத்தில் மாஸ்கோவில் ஓவியர் செரெம்னிக் தொடங்கிவைத்தார். கவிஞர் மாயகோவ்ஸ்கி விரைவிலேயே சேர்ந்துகொண்டார். கடைகளில் சரக்கு இல்லை, கண்ணாடி ஜன்னல்கள் காலியாகக் கிடந்தன. அங்கேதான் இவற்றை வைத்தார்கள். அச்சகத்தை எதிர்பார்க்காமல் அட்டையில் வடிவங்களை வெட்டி, அதன்மேல் வண்ணம் பூசிப் பிரதி எடுத்தார்கள். தந்தியில் வந்த செய்தி சுடச்சுடப் படமாகத் தெருவுக்குப் போனது. அதிகம் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக மாயகோவ்ஸ்கி தலையணைக்குப் பதில் விறகுக்கட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தாராம். கெடுவுக்கு ஓடுகிற தொழிலில் இருப்பவனுக்கு அந்த இரவுகள் நன்றாகவே புரியும். இவற்றில் வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், ஒரு கட்டம் இன்னொன்றின்மேல் ஏறியிருக்கும். அதில் எதையும் நான் திருத்தவில்லை.

யாருக்காக இவ்வளவும்? 1897 கணக்கெடுப்பின்படி ரஷ்யப் பேரரசில் ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். புரட்சியின்போது நிலை கொஞ்சம் மேம்பட்டிருந்தாலும் கிராமங்களில் படம்தான் பேச வேண்டியிருந்தது. ஓவியர் ரதாகோவின் 1920ஆம் ஆண்டுச் சுவரொட்டியில் கண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு குடியானவர் செங்குத்துப் பாறையின் விளிம்பைத் தாண்டிக் காலெடுத்து வைக்கிறார். எழுத்தறியாதவன் குருடனுக்குச் சமம் என்பது வாசகம். வாசகத்தைப் படிக்க முடியாதவருக்கும் அந்தக் கால் சொல்லிவிடும்.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் சினிமா பேனர் வரைந்தவர். மோரின் 'நீ தொண்டனாகப் பதிவு செய்துவிட்டாயா?' என் திரையில் இருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"கையை ஏண்ணே இவ்வளவு பெரிசா போட்டிருக்காரு?" என்று கேட்டேன்.

"தம்பி, ரோட்டுல போறவன் நின்னு பார்க்க மாட்டான். கைதான் அவனைப் பிடிச்சு நிறுத்தணும்."

படையில் தானாக வந்து சேரச் சொல்லி, 1920 ஜூனில் ஒரே இரவில் மோர் வரைந்தது அது. சிவப்பு உடையில், சோவியத் படையான செஞ்சேனையின் வீரர் ஒருவர் நேராக நம்மை நோக்கி விரல் நீட்டுகிறார். பின்னால் தொழிற்சாலைகள், புகைபோக்கிகளில் புகை. பல நாட்கள் அந்தப் புகையின் கறுப்பைத்தான் சீர்செய்துகொண்டிருந்தேன். அந்த ஆண்டுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபின் அது உறுத்தியது. எரிபொருள் இல்லாமல் ஆலைகள் மூடிக்கிடந்த காலம் அது. 1917இல் 23 லட்சம் பேருக்குமேல் இருந்த பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரில் 1920இல் மிஞ்சியவர்கள் சுமார் 7 லட்சம். தொழிலாளர்கள் சோறு தேடிக் கிராமங்களுக்குப் போய்விட்டார்கள். சுவரொட்டியில் மட்டும் ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

குடியானவர் கதையும் அப்படித்தான். ஓவியர் ஆப்சித் 1918இல் வரைந்த புரட்சி ஆண்டுவிழாச் சுவரொட்டியில் தொழிலாளியும் குடியானவரும் சரிசமமாக நிற்கிறார்கள். காலடியில் முடியாட்சியின் சின்னங்கள் உடைந்து கிடக்கின்றன. அந்த ஆண்டுகளில் அதே குடியானவரின் களஞ்சியத்திலிருந்து தானியம் கட்டாயமாக எடுக்கப்பட்டது. 1920இல் தம்போவ் பகுதியில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். உழைப்பவரை இவ்வளவு உயரத்தில் வரைந்த கலையை நான் மனதார மதிக்கிறேன். பல நூற்றாண்டுகளாக அரசர்களும் புனிதர்களும் நின்ற இடத்தில் ஒரு கொல்லர் சுத்தியலோடு நின்றது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கொல்லருக்குப் பசித்ததா என்று எந்தச் சுவரொட்டியும் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் 1921ஆம் ஆண்டுக் கோப்பு வந்தது. வறட்சி, ஆண்டுக்கணக்கான போர், தானியப் பறிமுதல் எல்லாம் சேர்ந்து வோல்கா பகுதியில் பஞ்சம். ஏறக்குறைய 50 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கு வரைந்தவரும் மோர்தான். தாள் முழுக்கக் கறுப்பு. நடுவில் எலும்பும் தோலுமாக ஒரு முதியவர், வெள்ளைச் சட்டையில், இரு கைகளையும் தூக்கி நிற்கிறார். ஓரத்தில் ஒடிந்த ஒரு தானியக் கதிர். ஒரே சொல்: உதவு. போன ஆண்டு விரல் நீட்டிக் கட்டளையிட்ட அதே ஓவியர் இப்போது கையேந்துகிறார். சிவப்பே கிடையாது. மோரின் ஆகச்சிறந்த படைப்பு இதுதான் என்பேன். அடிவயிற்றிலிருந்து வருகிற கோடுகள் அவை.

அந்தக் கறுப்பைக் கொஞ்சம் வெளுப்பாக்கினால் விவரங்கள் நன்றாகத் தெரியும் என்று குறிப்பு வந்திருந்தது. வேண்டாம் என்று காரணங்களோடு எழுதினேன். இன்னொன்றும் கேட்டேன்: மோரின் இந்த இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரட்டும். கறுப்பு விஷயத்தில் சரி என்றார்கள். பக்க வரிசை ஏற்கெனவே முடிவாகிவிட்டதால், இரண்டுக்கும் நடுவே வேறு சுவரொட்டிகளோடுதான் நூல் அச்சுக்குப் போனது.