ஏழாவது கிரீனுக்கு வெயில் வேண்டும்: ஒரு கோல்ஃப் மைதானத்தின் நாட்குறிப்பு

ஜனவரி 8

ஏழாவது கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, மறுபடியும் மெலிந்துவிட்டது. தென்கிழக்கு ஓரம் முழுக்கப் புல் விட்டுவிட்டு நிற்கிறது, நடுவில் கருப்பாகப் பாசி. மற்ற கிரீன்கள் இந்தக் குளிரில் நிறம் மட்டும்தான் மங்கியிருக்கின்றன. இங்கே அடர்த்தியே போய்விட்டது. எல்லாவற்றிலும் ஒரே புல், ஒரே மணல், ஒரே உரம், ஒரே மெஷின். ஏழாவதில் கூடுதலாக இருப்பது அந்த ஓரத்து மர வரிசைதான்.

எங்கள் கிரீன்களில் இருப்பது குட்டை ரக அருகம்புல். இதற்கு நாளுக்கு எட்டு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கோடையில் சூரியன் உச்சிக்கு ஏறுவதால் ஒப்பேற்றிவிடலாம். இப்போது சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, மர நிழல் கிரீனைத் தாண்டியும் நீள்கிறது. காலை பத்தரை வரை பனி காயவில்லை. இன்று மணிக்கு ஒரு முறை நிழலின் விளிம்பில் சின்னக் கொடி குத்திப் படம் எடுத்துவைத்தேன். வாயால் சொன்னால் கமிட்டியில் யாரும் நம்புவதில்லை.

ஜனவரி 24

கமிட்டிக் கூட்டம். கொடிப் படங்களைக் காட்டினேன். கிரீனின் நடுப்பகுதிக்கே நாலு மணி நேரம்தான் வெயில். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: “மரத்தத் தொடாம ஏதாவது மருந்து அடிச்சு சரிபண்ண முடியாதா தம்பி?”

பாசிக்கு மருந்து உண்டுதான். ஆனால் பாசி போன இடத்தில் புல் வர வேண்டுமே, அதற்கு வெயில் வேண்டும். உரத்தைக் கூட்டினால் நிழல்புல் ஒல்லியாக, தண்ணீர் கோத்து நீளும், வேர் இறங்காது. கால் பட்டால் நசுங்கும். இதையெல்லாம் சொன்னேன். மரங்கள் அழகு, பழையவை, ஆட்டத்துக்கு ஒரு சவாலும்கூட என்றார்கள். அழகு என்பதில் எனக்கும் மறுப்பில்லை. இருந்தாலும் இந்த ஆட்டம் வளர்ந்த ஸ்காட்லாந்தின் கடலோர மணல்வெளிகளில் மரம் என்பதே அபூர்வம். மரமில்லாமல் கோல்ஃப் ஆடலாம், புல்லில்லாமல் ஆட முடியாது.

முடிவு தள்ளிப்போடப்பட்டது. அதுவரை ஏழாவதில் மட்டும் வெட்டும் உயரத்தை 3.5 மி.மீ.யிலிருந்து 4.5 ஆக ஏற்றியிருக்கிறேன். ஆடுகிறவர்களுக்குப் பந்து கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். புல்லுக்கோ இருக்கிற கொஞ்ச வெயிலைப் பிடிக்க உயரத்தில் கால்பங்குக்கு மேல் கூடுதல் இலை.

பிப்ரவரி 12

புல் வெட்டும் ரீல் மெஷின்கள் எல்லாம் பட்டறையில். வெட்டிய புல்லின் நுனி சில நாளாக வெளுத்துத் தெரிந்தது. பிளேடு அறுக்காமல் கிழித்தால்தான் அப்படி ஆகும். கிழிந்த நுனியில் நோய் எளிதாக நுழைகிறது. சுழலும் ரீலையும் கீழே நிலையாக இருக்கும் பிளேடையும் சாணை பிடித்து, இரண்டுக்கும் நடுவே காகிதத் துண்டு வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிளேடின் நீளம் முழுக்க, எங்கே வைத்தாலும் காகிதம் சுத்தமாக அறுபட வேண்டும். சாணை பிடிப்பவர் ஒரு மூலையில் காகிதம் மடங்கியது என்று திருப்பி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவரை அவசரப்படுத்த எனக்கு மனமில்லை.

மார்ச் 6

மண் சூடேறிவிட்டது, புல் விழித்துக்கொண்டது. கிரீனில் பந்து ஓடும் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரை எடுத்துக்கொண்டு எல்லாக் கிரீன்களையும் சுற்றினேன். பெரும்பாலும் 9 அடியை ஒட்டி. ஏழாவதில் 8.

இந்தக் கருவி வெறும் அலுமினியச் சட்டம், நீளம் 36 அங்குலம். மேல்முனைக் குழியில் பந்தை வைத்து மெதுவாகத் தூக்கினால் சுமார் 20 பாகைச் சாய்வில் பந்து தானாக உருளும். சமதளத்தில் ஒரு திசையில் மூன்று, எதிர்த்திசையில் மூன்று, பிறகு பந்து உருண்ட தூரத்தின் சராசரி. எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற ஆட்டக்காரர் 1935இல் ஓக்மாண்ட்டில் நடந்த அமெரிக்க ஓப்பனைப் பார்க்கப் போனார். ஜீன் சாரசன் போன்ற பெரிய ஆட்டக்காரர் தட்டிய பந்தே கிரீனை விட்டு உருண்டு பங்கர் என்னும் மணல்குழிக்குள் விழுந்ததைப் பார்த்துவிட்டு, கிரீனின் வேகத்தை அளக்க ஒரு வழி வேண்டும் என்று மரத்தில் இதைச் செய்தார். அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதைத் திருத்தி 1978இல் பராமரிப்பாளர்கள் கையில் கொடுத்தது. ஒரே மைதானத்தின் கிரீன்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம். இன்று அது பெருமையடிக்கும் எண்ணாகிவிட்டது. “அங்க பதினொண்ணாம், நம்மது ஏன் ஒன்பது?” என்று யாராவது கேட்காத வாரமில்லை. இந்தச் சரிவுகளில் 11 வைத்தால் குழி போட்டுக் கொடி குத்த இடமே மிஞ்சாது.

ஏப்ரல் 9

பிற்பகலில் மூன்றாவது, பதினொன்றாவது கிரீன்களில் நீலம் பாய்ந்த சாம்பல் திட்டுகள். நடந்தால் கால்தடம் எழும்பாமல் அப்படியே பதிந்து நிற்கிறது. மண் எடுக்கும் குழாயை இறக்கிப் பார்த்தால் மேலே 2 செ.மீ. ஈரம், அதற்குக் கீழே மாவு போல உலர்ந்த மணல். மணல் துகள்கள் மேல் கரிமப் பூச்சு படிந்துவிட்டால் தண்ணீர் ஒட்டாமல் வழுக்கி ஓடிவிடும். ஸ்பிரிங்க்ளரை இன்னும் அரை மணி ஓட்டினால் திட்டு நனையாது, பக்கத்துப் புல் மட்டும் சேறாகும். திட்டில் மட்டும் முள்கம்பியால் துளை போட்டு, ஈரமூட்டும் திரவம் விட்டு, ஹோஸ் பிடித்து நின்று நிதானமாக ஊற்ற வேண்டும். வெயில் காலத்தில் என் ஆட்கள் பாதி நேரம் செய்யும் வேலை இதுதான். பார்ப்பவர்களுக்குச் சும்மா நிற்பது போலத் தெரியும்.

மதியம் இலையில் மட்டும் படும்படி ஒரு நிமிடம் தூறல் விடுவது வேறு கணக்கு. அது தாகத்துக்கு அல்ல, சூட்டைக் குறைக்க. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் நாளில் அதனால் பலன் குறைவு.

மே 12

ஆண்டின் பெரிய வேலை, கிரீன்களில் துளையிடுவது. மைதானம் மூடல். வழக்கமான முணுமுணுப்பு: “இப்பத்தான் கிரீன் நல்லா வந்துச்சு, அதுக்குள்ள குத்திக் கெடுக்கறீங்களே!” நன்றாக இருக்கும்போதுதான் குத்த வேண்டும். புல் முழு வேகத்தில் வளரும் காலத்தில்தான் துளை சீக்கிரம் மூடும்.

12 மி.மீ. குழாய் ஊசி, 5 செ.மீ.க்கு ஒன்று, ஆழம் 7 செ.மீ.க்கு மேல். கணக்குப் போட்டால் ஒரு சுற்றில் நாம் மாற்றுவது மேல்பரப்பில் 4.5 விழுக்காடுதான். இதற்கா இவ்வளவு கூச்சல்! வெளியே வந்த மண் உருளை ஒன்றைப் பிளந்து கமிட்டிச் செயலாளரிடம் காட்டினேன். மேலே பச்சை, அதன் கீழே விரலால் அமுக்கினால் பஞ்சு போல அமுங்கும் பழுப்பு அடுக்கு, அப்புறம்தான் மணல். அந்தப் பழுப்புதான் தாட்ச்: செத்த தண்டும் வேரும் மட்கி முடியாமல் சேர்ந்தது. அரை அங்குலத்தைத் தாண்டினால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் அதிலேயே தங்கிவிடும், மெஷின் அமுங்கிப் புல்லை மொட்டையடிக்கும். ஏழாவதின் உருளையில் இன்னொன்றும் இருந்தது, அழுகிய முட்டை வாடை. கீழே காற்றில்லாமல் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். அதைக் குறித்துவைத்தேன்.

உருளைகளை வாரிவிட்டு, காய்ந்த மணலைத் தூவித் துலக்கினோம். துளை விளிம்புவரை நிரம்ப வேண்டும். பாதி நிரம்பினால் ஒவ்வொன்றும் சின்னப் பள்ளமாக நிற்கும். கிரீனுக்கு மணல் போடும் பழக்கத்தைப் பரப்பியவர் என்று ஸ்காட்லாந்தின் ஓல்ட் டாம் மோரிஸைச் சொல்வார்கள், 19ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் பார்த்துக்கொண்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை வழக்கமான ஆட்டம் கிடையாது. உலகத்திலேயே பேர்போன மைதானம் வாரம் ஒரு நாள் ஓய்வெடுக்கிறது. எங்களுக்கு இந்தச் சில நாள் மூடலுக்கே மனு எழுத வேண்டியிருக்கிறது.

மே 27

துளைகள் மூடிவிட்டன. முணுமுணுப்பும்.

ஜூன் 21

நாலாவது ஃபேர்வேயில், கிரீனுக்குப் போகும் புல்பாதையில், கோரை. புதிய பையன்கள் ஆர்வமாகப் பிடுங்கித் தள்ளிவிட்டார்கள். மேல்செடி போனால் மண்ணுக்குள் சங்கிலியாக இருக்கும் கிழங்குகள் விழித்துக்கொண்டு இரண்டு மடங்காக முளைக்கும். கிழங்குவரை இறங்கும் மருந்தை, செடி இளசாக இருக்கும்போது, முதல் மழைகளுக்குப் பிறகு அடிப்போம். அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 10

இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்தது. பங்கர்களின் சரிவில் இருந்த மணல் அத்தனையும் அடியில். மண்வெட்டியால் மேலே தள்ளிச் சரிபார்த்தோம்: தரையில் 10 செ.மீ., சரிவில் 5. சரிவில் ஆழம் கூடினால் பந்து மணலுக்குள் புதைந்துவிடும். மழை வண்டலைக் கொண்டுவந்து மணலில் கலப்பதுதான் பெரிய நஷ்டம். வண்டல் கலந்த மணல் காய்ந்ததும் கட்டி தட்டிவிடும், அப்புறம் மாற்றுவதைத் தவிர வழியில்லை. நிரந்தரத் தீர்வு, மேட்டிலிருந்து வரும் தண்ணீர் பங்கருக்குள் நுழையாதபடி வெளியிலேயே வரப்பு கட்டித் திருப்பிவிடுவது. இரண்டு பங்கர்களுக்குத் திருப்பியாயிற்று, அவை தப்பித்தன.

கிரீன்களின் வடிகால் வாய்களைப் பார்க்கப் போனேன். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைப்படிக் கட்டியவை இவை: மேலே 30 செ.மீ. மணல், கீழே 10 செ.மீ. சரளை, அதற்கும் கீழே குழாய். மணல் அடுக்கு நிறையும்வரை தண்ணீர் சரளைக்குள் இறங்காது, அதனால்தான் வறண்ட நாளுக்கு ஈரம் மிஞ்சுகிறது. நிறைந்துவிட்டால் மளமளவென்று இறங்கிக் குழாய் வழியே போய்விடும். இன்று எல்லா வாய்களிலும் தண்ணீர் ஓடியது. ஏழாவதில் வெறும் சொட்டு.

ஜூலை 14

மே மாத வாடைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வடிகால் வாயிலிருந்து கம்பியை விட்டால் சிறிது தூரத்தில் முட்டியது. தோண்டிக் குழாயை வெட்டினோம். உள்ளே முழுக்க வேர், குழாயின் வடிவத்திலேயே ஒரு கையளவு தடிமனில், சடை பின்னியது போல. எல்லாம் மர வரிசையின் வேர்கள், 12 மீட்டர் தள்ளி நிற்பவை. மேலே வெயிலை மறைத்தது போதாதென்று கீழே வடிகாலையும் அடைத்திருக்கின்றன. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேராகக் கமிட்டி அறைக்குப் போனேன். இந்த முறை நிழல் படம் தேவைப்படவில்லை.

மரம் வெட்ட அனுமதி வாங்க ஒப்புக்கொண்டார்கள். எல்லாம் அல்ல, தென்கிழக்கில் இரண்டு. மற்றவற்றில் கீழ்க்கிளைகளைக் கழிப்பது.

ஆகஸ்ட் 5

பறவைகள் ஒன்பதாவது ஃபேர்வேயில் கூட்டமாக இறங்கிக் கொத்தின. வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றிக் காத்திருந்தேன். சில நிமிடங்களில் படைப்புழுக்கள் நெளிந்துகொண்டு மேலே வந்தன. இந்தச் சோதனை செய்யாமல் மருந்து டப்பாவைத் திறக்க நான் விடுவதில்லை. புழு இல்லாத ஃபேர்வேக்கு எதற்கு மருந்து? மாலையில், புழு மேய வரும் நேரத்தில், ஒன்பதாவதுக்கு மட்டும் அடித்தோம்.

செப்டம்பர் 18

மரங்கள் இறங்கின. மழை ஓய்ந்த நான்கு நாள் இடைவெளியைப் பிடித்து, பலகை பரப்பி, அதன் மேல்தான் வண்டியைக் கொண்டுவந்தோம். நிற்கும் மரங்களுக்கும் கிரீனுக்கும் நடுவே 75 செ.மீ. ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி வேர்களை அறுத்து, தடித்த பிளாஸ்டிக் தகடு இறக்கி மூடினோம். வேர் சும்மா இருக்காது, சுற்றிக்கொண்டாவது வரும். சில வருடம் கழித்து மறுபடி அறுக்க வேண்டும். குழாயும் புதிது. மெலிந்த ஓரத்தில் நர்சரித் திட்டிலிருந்து புல்தகடு வெட்டி ஒட்டினோம். குளிர் வருவதற்குள் வேர் பிடிக்கப் போதுமான அவகாசம் இருக்கிறது.

முதலில் மருந்து கேட்ட பெரியவர் வந்து நின்று, வெறுமையாக இருக்கிறது என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆட்டத்துக்கும் கிரீனுக்கும் குறுக்கே வராத வடமேற்குப் பக்கம் புதுக் கன்றுகள் வைப்பதாகச் சொன்னேன்.

நவம்பர் 3

நாணய அளவு வைக்கோல் நிறப் புள்ளிகள், காலைப் பனியில் சிலந்தி வலை போல வெள்ளை நூல்கள். டாலர் ஸ்பாட். நைட்ரஜன் குறைந்து, இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் வரும் பூஞ்சை. முதல் வேலை, விடியலில் நீண்ட கம்பால் கிரீன் முழுக்கப் பனியைத் தட்டிவிடுவது. அப்புறம் சதுர மீட்டருக்கு 1 கிராமும் தாண்டாத நைட்ரஜன், தெளிப்பாக. இலகு உருளையை வாரத்தில் சில முறை ஓட்டினாலும் இந்த நோய் குறைகிறது, பந்து ஓடும் வேகமும் கூடுகிறது. மருந்து கடைசியில்தான், அதுவும் புள்ளி பரவினால்.

இரண்டாவதிலும் பதினாலாவதிலும் புள்ளிகள் அதிகம். ஏழாவதில் எட்டரைக்கே பனி காய்ந்துவிட்டது. ஓரத்தில் சில புள்ளிகள், அவ்வளவுதான்.

டிசம்பர் 16

ஏழாவதில் மறுபடி கொடி குத்தினேன். ஆறரை மணி நேரம். எட்டு இல்லை, ஆனாலும் பாசி இல்லாத முதல் குளிர்காலம். ஒட்டிய தகடுகளை இழுத்துப் பார்த்தேன், கிளம்பவில்லை. உயரத்தை 4 மி.மீ.க்கு இறக்கியிருக்கிறேன். 3.5 இப்போதைக்கு வேண்டாம் என்றதற்குத் தலைமை ஆபரேட்டருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அடுத்த சண்டை பதிமூன்றாவது டீ, முதல் அடி அடிக்கும் இடம். குறுந்தூரக் குழி என்பதால் எல்லோரும் இரும்பு மட்டையால் அடித்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு துண்டுப் புல்லைப் பெயர்த்துவிடுகிறார்கள். எவ்வளவு மணல் நிரப்பினாலும், எங்கிருந்து அடிப்பது என்று காட்டும் குறியை எங்கே நகர்த்தினாலும், ஆற நேரமில்லை, இடம் அவ்வளவுதான். டீயை இரண்டு மடங்காக்க வேண்டும். பின்னால் இடம் இருக்கிறது. அங்கேயும் ஒரு மரம் நிற்கிறது, ஆனால் அதன் நிழல் வடக்கே விழுகிறது, டீயின் மேல் இல்லை. கமிட்டிக்கு எழுதும் தாளில் அதை முதல் வரியாகவே போட்டிருக்கிறேன்.