கோத்தகிரிக்கு சைக்கிளில் நான், காரில் அத்தை

ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் – கோத்தகிரி மலையேற்றச் சைக்கிள் பந்தயம் நல்லபடியாக முடிந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. இன்று காலையில் மாடிப்படி இறங்க நான் பட்ட பாட்டைப் பார்த்து, கேஸ் போட வந்த தம்பி சிலிண்டரை வைத்துவிட்டுக் கை கொடுத்தான். வீட்டுக்காரரைப் பெற்ற என் அத்தை மட்டும் தெம்பாக இருக்கிறார். மலை ஏறியது தான்தான் என்ற நினைப்பு. அதில் பாதி உண்மை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

சைக்கிள் வாங்கிய நாளிலிருந்தே அத்தைக்கும் அதற்கும் ஆகாது. விலையைக் கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்குச் சினை மாடு வாங்கியிருந்தா வீட்டுக்குப் பாலாவது ஆச்சு" என்றவர். கேரியர் இல்லை, மணி இல்லை, மட்கார்டு இல்லை, நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டுகூட இல்லை. கடைக்காரன் எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை என் தலையில் கட்டிவிட்டான் என்று இன்றைக்கும் நம்புகிறார். சைக்கிள் ஓட்டப் போடும் அந்தப் பஞ்சு வைத்த டவுசர் கொடியில் காய்ந்தால், மேலே ஒரு துண்டைப் போட்டு மறைத்துவிட்டுத்தான் மறுவேலை.

மலைக்குப் பந்தயம் என்றதும் பேச்சு ஊட்டி மலை ரயிலுக்குப் போனது. அத்தைக்குப் பிறந்த வீடு மேட்டுப்பாளையம் அல்லவா.

"கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் ரயிலே பல்சக்கரத்தைக் கடிச்சுக்கிட்டுத்தான் ஏறுது. நீ எதைக் கடிச்சுக்கிட்டு ஏறுவே, அம்மிணி?"

அந்த ரயில் பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏறும். அதற்குப் பல்சக்கரம் வேண்டியதுதான். நான் விடவில்லை. பின்சக்கரத்தைக் காட்டினேன். இதுவும் பல்சக்கரம்தான் அத்தை, பெரியதில் 32 பல். முன்னால், பெடல் பக்கத்துச் சின்னதில் 34. இரண்டையும் கோத்துப் போட்டால் ஒரு சுற்று மிதிக்கு ரெண்டேகால் மீட்டர் நகரும். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கோத்தகிரி போய்ச் சேர எத்தனை மிதி ஆகும் என்றார். பாப்பா போனில் கணக்குப் போட்டாள். 33 கிலோமீட்டர், பதினைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

"அத்தனை தடவை அம்மிக்கல்லை இழுத்திருந்தா இந்த வீட்டுல மிக்ஸியே தேவைப்பட்டிருக்காது."

மிக்ஸி விஷயத்தை மறுபடி கிளறியதற்கு நான் பதில் சொல்லவில்லை.

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வந்தவர்கள் கோத்தகிரிப் பாதையை "பரவாயில்லை, மெதுவான ஏற்றம்" என்பார்கள். அவர்களை நம்பாதீர்கள். மேட்டுப்பாளையம் 325 மீட்டர், கோத்தகிரி 1,800-ஐத் தொடுகிறது. மெதுவாகக் கொன்றாலும் கொலைதானே. பவானிப் பாலம் தாண்டும் வரை கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு, முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள நாம் சொகுசாகப் போகலாம். ஏற்றம் ஆரம்பித்து வேகம் பத்துக்கு இறங்கிய பிறகு எவன் முதுகும் உதவாது. அவரவர் எடையை அவரவரே தூக்க வேண்டும். தீபாவளிக்குத் தின்ற அதிரசம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஞாபகம் வந்தது.

கிளம்பும் முன் மைக்கில் தெளிவாகச் சொன்னார்கள். சொந்த வண்டியில் வருகிறவர்கள் வீரர்களுக்குச் சோறு, தண்ணீர் எதுவும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் பந்தயத்திலிருந்து நீக்கம். வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அத்தையின் காதில் "சோறு" மட்டும் விழுந்திருக்கிறது.

குஞ்சப்பனை வரைக்கும் நிம்மதி. காட்டுக்குள் பலாப்பழ வாசனை. அந்த வாசனைக்கு யானை வரும் என்பதால், கால் கொஞ்சம் கூடுதலாகவே மிதித்தது. செக்போஸ்ட்டில் சைக்கிளை யாரும் நிறுத்தவில்லை. நம்ம கார் மாட்டிக்கொண்டது. 2024 மே மாதத்திலிருந்து மலைக்குப் போகும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஊருக்கே தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் ரோட்டோரம் நின்று ஓ.டி.பி.க்குத் தவம் கிடக்க, அத்தை கொண்டுவந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைக்காரர்கள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்களாம். பூனைபோல் நழுவிவிடலாம் என்று நினைத்தேன். மணிக்குப் பத்து கிலோமீட்டரில் யார் எங்கே நழுவுவது?

மாமரம் தாண்டியதும் ஹாரன். திரும்பினால், ஜன்னலில் இருந்து தூக்குப்போசி முதலில் வருகிறது, பிறகு கை, பிறகு குரங்குக் குல்லாவோடு அத்தையின் தலை. "ஒரு வாய் புளிச்சோறு, அம்மிணி!" பைக்கில் வந்த பந்தயத் தம்பி விசிலடித்தான். கார் நின்றது. "என் மருமகளுக்கு நான் சோறு போடறதுக்கு நீ யாரு சாமி?" என்று அத்தை கேட்டது வளைவு தாண்டியும் எனக்குக் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். வந்தபோது என்னால் ரசிக்கத்தான் முடியவில்லை.

அந்தத் தம்பி பொறுமையாக விளக்கியிருக்கிறான். அத்தை கடைசியாகக் கேட்டது இதுதான்: "சோறுதானே குடுக்கக் கூடாது, பேசலாமில்ல?"

"தாராளமா பேசலாங்க பாட்டி."

பாட்டி என்றதற்கு அவனை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அனுமதியை விடவில்லை. அதன் பிறகு கார் எனக்கு முன்னால் போக ஆரம்பித்தது. இரண்டு வளைவு தள்ளி நிறுத்தி, தேயிலைத் தோட்டத்து ஓரமாக இறங்கி நின்று, நான் வந்ததும் நிலவரம் சொல்வார்.

"முன்னால ஒரு சிவப்புச் சட்டைப் புள்ள போகுது. தண்ணி தீந்துபோச்சு, காலி பாட்டிலை ஆட்டி ஆட்டிப் பார்க்குது."

அடுத்த வளைவில்: "உக்காந்து மிதிக்க முடியல அதுக்கு, எந்திரிச்சு எந்திரிச்சு மிதிக்குது. நீ எந்திரிக்காதே. அரிசி புடைக்கிற மாதிரி தோளை ஆட்டாதே."

தோளை ஆட்டாதே என்பதைப் பயிற்சி வகுப்பில் காசு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். அத்தை சும்மா சொன்னார். அதுவும் சைக்கிளே ஓட்டத் தெரியாதவர். ஒரு வளைவில் அவர் போட்ட சத்தத்துக்குத் தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, அவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

அரவேணுவுக்குச் சற்று முன்னால் சிவப்புச் சட்டையைப் பிடித்தேன். காலேஜ் பெண். பக்கத்தில் வந்ததும், "ஆன்ட்டி, அந்தக் குல்லா பாட்டி உங்க கோச்சா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அதற்கு மேல் பேச மூச்சில்லை. இதை அத்தையிடம் சொல்லப் போவதில்லை, அப்புறம் வீட்டில் இருக்க முடியாது.

பெண்கள் பிரிவில் நாலாவது. கோத்தகிரியில் மேட்டுப்பாளையத்தைவிட ஒன்பது பத்து டிகிரி குறைவு, வியர்வை காய்ந்ததும் பல் தந்தியடித்தது. அத்தை தன் சால்வையை எடுத்து என் டவுசரை முதலில் மூடினார், பிறகு என்னை. புளிச்சோறு இருக்கிறதா என்று கேட்டேன். பந்தயத் தம்பி காரை நிறுத்திய இடத்திலேயே வீட்டுக்காரர் தீர்த்துவிட்டாராம். டென்ஷனாம்.

சாப்பாட்டுக்குப் பதில் டிக்கி நிறைய கேரட்டும் பீன்ஸும் வர்க்கியும். சைக்கிளுக்கு இடமில்லை. சக்கரங்களைக் கழற்றி, பிரேமைப் பின்சீட்டில் பாப்பாவின் காலடியில் செருகி, முன்சக்கரத்தை என் மடியில் வைத்தார்கள். முன்சீட்டில் அத்தை கோபிச்செட்டிப்பாளையத்துச் சித்திக்குப் போன் போட்டார்.

"நாலாவது வந்திருக்கா. ஆமா, மலை. முழு மலையும். ஒரு சொட்டுத் தண்ணிகூட நாங்க குடுக்கல, சட்டப்படி."

சித்தி ஏதோ கேட்டார். எனக்குக் கேட்டுவிட்டது. மொத்தம் எத்தனை பேர் என்கிறார். ஐந்து பேர்.

"சரி, குஞ்சப்பனை வந்திருச்சு, இங்க டவர் கெடைக்காது, வெச்சிடறேன்" என்றார் அத்தை. கார் அப்போது அரவேணுவைக்கூடத் தாண்டவில்லை.