மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன்

மனநல மருத்துவராகப் பணியாற்றிய முதல் பத்தாண்டுகளில், நோயாளி சொல்லும் அறிகுறிகளைக் கேட்டு, அவை எந்த நோய்ப் பெயருக்குள் அடங்கும் என்று முடிவுசெய்து, அதற்குரிய மருந்தை எழுதிக் கொடுத்தால் என் கடமை முடிந்தது என்றே நம்பியிருந்தேன். மனச்சோர்வு என்று பெயரிட்டதுமே காரணத்தையும் கண்டுவிட்டதாக எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி.

மூன்று ஆண்டுகளாக அவர் என்னிடம் சிகிச்சை பெற்று வந்தார். தீராத களைப்பு, எதிலும் நாட்டமின்மை, மறதி என்று அவர் சொன்னவை அனைத்தும் மனச்சோர்வோடு பொருந்தின. ஒருமுறை மருந்தை மாற்றினேன்; இருமுறை அளவைக் கூட்டினேன். ஒரு நாள் விடைபெற எழுந்தவர், "நடக்கும்போது காலிலிருந்து செருப்புக் கழன்று போவதுகூட எனக்குத் தெரிவதில்லை, டாக்டர்" என்றார். நீரிழிவால் வந்த மரமரப்பு என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். உண்மையில் அந்தச் சொற்கள் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டன. ஏதோ உறுத்தவே அவரை மீண்டும் உட்காரச் சொல்லி, எனக்குத் தெரியாமல் வேறு என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறார் என்று முதன்முறையாக முழுமையாகக் கேட்டேன். ஒன்பது ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மாத்திரை; அதனோடு பல ஆண்டுகளாக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. நீண்ட காலம் எடுத்துக்கொண்டால் இரண்டுமே வைட்டமின் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடியவை.

அவருக்கு இரத்தசோகை இல்லை என்பதால் அந்தக் குறைபாட்டை நான் நினைத்தும் பார்த்ததில்லை. இரத்தசோகை இல்லாமலேயே பி12 குறைபாடு நரம்பையும் மனத்தையும் பாதிக்கும் என்பது 1988-லேயே ஆய்வில் காட்டப்பட்ட செய்தி. படித்திருந்தும் அதைப் பயன்படுத்தத் தவறியிருந்தேன். பரிசோதனையில் அளவு மிகவும் தாழ்ந்திருந்தது. ஊசி தொடங்கிய சில மாதங்களில் மறதி குறைந்தது, முகம் தெளிந்தது. மனச்சோர்வு மருந்தையும் படிப்படியாகக் குறைக்க முடிந்தது. கால் மரமரப்பு மட்டும் முழுமையாக நீங்கவில்லை. முதல் ஆண்டிலேயே கேட்டிருந்தால் நீங்கியிருக்குமோ என்ற வருத்தம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

அதன்பின் முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கத் தொடங்கினேன். ஒரு தாளில் கோடு வரைந்து, பிறந்தது முதல் இன்றுவரை நோய், இழப்பு, அடி உதை, வேலை மாற்றம், புதிய மருந்து ஆகியவற்றை நோயாளியோடு சேர்ந்தே குறிப்பேன். மனச்சோர்வுக்கு முந்தைய ஆண்டில் என்ன நடந்தது என்பதற்குப் பெரும்பாலும் அந்தக் கோட்டிலேயே விடை கிடைக்கும். தைராய்டு பரிசோதனையைத் தவிர்ப்பதில்லை. உறக்கத்தைப் பற்றி உடன் உறங்குபவரிடம் கேட்கிறேன்; குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று போவதை நோயாளி அறியமாட்டார், துணைவர் அறிவார்.

இந்த முறையின் பெயரால் நடக்கும் ஒரு தீங்கையும் சொல்லியாக வேண்டும். வேரைக் கண்டுபிடிப்பதாகக் கூறி எண்ணற்ற பரிசோதனைகளைச் செய்ய வைப்பதையும், சத்து மாத்திரைகளைக் காட்டி மனநல மருந்துகளை நிறுத்தச் சொல்வதையும் நான் முற்றாக எதிர்க்கிறேன். மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு லித்தியம் உயிர்காக்கும் மருந்து. அதே லித்தியம் தைராய்டைத் தளரச்செய்து புதிய சோர்வை உண்டாக்கலாம் என்பதால், காரணத்தைத் தேடும்போது என் மருந்துச் சீட்டையும் விட்டுவைப்பதில்லை. எவ்வளவு தேடினாலும் ஒற்றைக் காரணம் கிடைக்காதவர்களும் பலர். அவர்களுக்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் தரும் நலம் எவ்வகையிலும் குறைந்ததன்று.

நீண்ட காலமாக என்னிடம் வருவோரின் பழைய கோப்புகளை இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து, மருந்தின் அளவைக் கூட்டிய ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வியை எழுதி வருகிறேன். அடுத்த முறை அவர்கள் வரும்போது முதலில் அதைத்தான் கேட்கிறேன்.