கறுப்புக் காய்களோடு ஒரு வாரம்

8 டிசம்பர் 2024, ஞாயிறு

காலையிலேயே நண்பன் வந்துவிட்டான். சென்னையில் ஒன்பது வருடம் உதவி இயக்குநராக அலைந்துவிட்டு, இப்போது தர்மபுரியில் அப்பாவின் மாவு மில்லைப் பார்த்துக்கொள்கிறவன். கையில் வால்டர் டெவிஸ் எழுதிய சதுரங்க நாவல் 'தி குயின்ஸ் கேம்பிட்'. என்னிடம் இரவல் வாங்கிய பிரதிதான்; அட்டையில் இப்போது கேழ்வரகு மாவு.

"இதை அப்படியே நம் ஊருக்குப் படமாகக் கொண்டுவந்துவிடலாம்டா. அமெரிக்க அநாதை இல்லத்துக்குப் பதில் பென்னாகரம் பக்கம் ஒரு விடுதி. காவலாளி அங்கே வளரும் பெண்ணுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறார். ஒகேனக்கல்லில் ஒரு பாட்டு."

பரிசலிலா ஆடப்போகிறார்கள் என்று கேட்டேன். டீயை மட்டும் குடித்துவிட்டுக் கோபமாகப் போய்விட்டான்.

சிங்கப்பூரில் நடக்கும் உலக சதுரங்க சாம்பியன் போட்டியில் 11வது ஆட்டம் குகேஷுக்கு. 6–5.

9 டிசம்பர், திங்கள்

குகேஷோடு மோதும் சீன சாம்பியன் டிங் லிரென் திருப்பி அடித்துவிட்டார். 6–6. 'இடைவேளை!' என்று நண்பனிடமிருந்து செய்தி. கோபம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

அவனுக்கு ஒரு கணக்குச் சொன்னேன். பில்லியர்ட்ஸ் சூதாடியைப் பற்றி டெவிஸ் 1959இல் எழுதிய நாவல் 1961இலேயே படமாகிவிட்டது. சதுரங்க நாவல் வந்தது 1983இல். அடுத்த வருடமே அவர் இறந்துவிட்டார். நடிகர் ஹீத் லெட்ஜர் அதை இயக்குவதாக இருந்தார், 2008 ஜனவரியில் அவரும் போய்விட்டார். கடைசியில் 2020இல்தான், அதுவும் ஏழு பகுதித் தொடராக, நெட்பிளிக்ஸில் வந்தது. முப்பத்தேழு வருடம்! பணம், உரிமை என்று நூறு காரணம் இருக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. பில்லியர்ட்ஸில் பந்து உருண்டு குழிக்குள் விழுவதை யாரும் பார்க்கலாம். இதில் என்ன விழுகிறது?

11 டிசம்பர், புதன்

13வது ஆட்டம் டிரா.

அண்ணன் மகளுக்கு நாவலின் கதையைச் சொன்னேன். பதினொரு வயது, ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சேலத்தில் போட்டி. அநாதை இல்லத்தின் அடித்தளத்தில் ஷைபல் என்ற பணியாளரிடம் நாயகி பெத் ஆடக் கற்றுக்கொள்வதையும், முதல் போட்டிக்குக் கட்டணம் இல்லாமல் அவரிடமே ஐந்து டாலர் கேட்டு, பத்தாகத் திருப்பித் தருவதாக எழுதுவதையும் சொன்னேன்.

"திருப்பிக் கொடுத்தாளா, சித்தப்பா?"

இல்லை என்றேன். அதற்குப் பிறகு எந்த ஆட்டத்தைச் சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை.

12 டிசம்பர், வியாழன்

மதியம் இரண்டரைக்கு மில்லில் உட்கார்ந்தோம். மாவு மூட்டை மேல் கைப்பேசி. 14வது ஆட்டம், குகேஷுக்குக் கறுப்பு. நாலு மணி நேரம் ஓடியும் டிராவுக்கான முகம்தான். 55வது நகர்த்தலில் டிங் யானையை இரண்டாம் வரிசைக்கு இறக்கினார்.

நண்பனுக்கு ஆட்டம் தெரியாது. இத்தனை நாள் கழித்து இன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது! ஆனாலும் குகேஷ் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதோ நடந்துவிட்டதுடா" என்றான். மாவில் விரலால் கட்டம் போட்டுக் காட்டினேன்: யானைக்கு யானை வெட்டுப்படும், மூலையில் மாட்டிய வெள்ளை பிஷப்பும் தப்பாது, மிஞ்சுவது குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. 58வது நகர்த்தலோடு முடிந்தது. 7.5–6.5. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.

அழுதுகொண்டே அந்தப் பையன் காய்களை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் திரும்ப வைத்தான். நண்பன் மில்லை ஓடவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அரைக்க வந்த கிழவி திட்டினாள்.

"உன் படத்துக்குப் பலகையே வேண்டாம், முகம் போதும்" என்றேன். எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

15 டிசம்பர், ஞாயிறு

அண்ணன் மகளோடு தொப்பூர் வழியாகச் சேலம். நண்பனும் வந்தான். பெற்றோரை அரங்குக்குள் விடவில்லை. வெளியே மர நிழலில் எலுமிச்சைச் சாதமும், சீருடை மாற்றாத ஒரு போலீஸ்கார அப்பாவும், கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கும் அம்மாக்களும். அவன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தான். எட்டிப் பார்த்தேன். முதல் வரி: 'பாட்டு வேண்டாம்.'

மூன்றாவது சுற்றில் தோற்றுவிட்டு வந்தாள். யோசிக்காமல் குதிரையைத் தொட்டுவிட்டாளாம். தொட்டால் நகர்த்தியே ஆகவேண்டும்.

"அப்போது எதிரே ஆடிய பையனின் முகம் எப்படி இருந்தது?" என்று நண்பன் ஆவலாகக் கேட்டான்.

"முகத்தை யார் பார்த்தார்கள், மாமா? நான் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் சாதத்தைப் பிரித்தேன்.